மைனஸ் எண்பது

யாருமில்லாத சாலைக்குத் திருவான்மியூர் சிக்னல்
பச்சை காட்டிக்கொண்டிருந்த அதிகாலை மூன்றே முக்கால்.
நாங்கள் நான்கு பேர்,
நாற்பதைத் தாண்டிய எட்டு முட்டிகள்,
ஒரு காற்றடிக்கும் பம்ப்.
தணிகைவேலின் தொப்பையைப் பற்றி
மஞ்சள் ஜெர்சி எதையும் மறைக்கவில்லை.
"பலாப்பழத்துக்கு உறை போட்ட மாதிரி இருக்கே" என்றான் சிராஜ்.

புதுச்சேரி போய்த் திரும்பினால் முன்னூறு சொச்சம்.
கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று
கையெழுத்துப் போட்டவர்கள் நூற்றுப் பதினேழு பேர்.
என் மேலாளர் இரண்டு ரூபாய் எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டார்.
பெனிட்டாவிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகள்
உண்டியலை உடைத்துச் சில்லறையாகவே தந்தார்கள்
ஐஸ்கிரீம் டப்பாவில்.

இந்தப் பணத்தில் என்ன வாங்குவீர்கள் என்று
போன மாதம் தரமணியில் கேட்டோம்.
பெரிய கருவி ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.
ஆராய்ச்சி செய்கிற அந்தப் பெண்
கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்தபடி
"கரண்ட் பில்" என்றாள்.
"ஃப்ரீசர் மைனஸ் எண்பதுல ஓடணும்.
இதை வச்சு ஒரு வருஷம் ஓட்டிடலாம்."

கதவைத் திறந்து காட்டவில்லை.
திறந்தால் குளிர் போய்விடுமாம்.
வெளியே சிவப்பு எண்கள்.
உள்ளே ஏதோ ஓர் அடுக்கில்
சுண்டுவிரல் நுனியளவு குப்பியில்
சுகந்தியின் தொடையிலிருந்து எடுத்த தசை,
அரிசியைவிடக் கொஞ்சம் பெரியதாக.
பெயர் எழுதமாட்டார்களாம், எண்தான்.
அந்த எண் எங்கள் யாருக்கும் தெரியாது.

உத்தண்டி சுங்கச்சாவடியில் சைக்கிளுக்குக் காசு கிடையாது.
அந்த இடம் வந்தால் மட்டும்
காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போவாள்.
மற்ற நேரமெல்லாம் கடைசியில்தான்.
"மெதுவாப் போங்கடா, கடல் எங்கயும் ஓடிப்போவாது."

முட்டுக்காடு பாலத்தில் ஒருநாள்
அவள் கால் பெடலிலிருந்து நழுவியது.
ஏற்றி வைத்தாள். நழுவியது.
கையால் தூக்கி வைத்தாள்.
நாங்கள் சிரித்தோம்.
வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால்
நான் எழுதி வைக்கிறேன்:
நாங்கள் சிரித்தோம்,
தணிகைவேல் வீடியோகூட எடுத்தான்.

மரக்காணம் உப்பளங்கள் வெள்ளையாய்க் கண்ணைக் குத்தின.
திரும்பி வருகிற வழி, பகல் ஒன்றரை,
முப்பத்தொன்பது டிகிரி.
ஒரு பெட்டி குளிர்ந்திருக்க
நான்கு பேர் உருகிக்கொண்டிருந்தோம்.
திடீரென்று பெனிட்டா சாலையோரம் சாய்ந்தாள்.
கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.
தோலுக்கடியில் தசை
கூடையில் போட்ட மீனாய்த் துள்ளியது.
சிராஜ் தண்ணீரை ஊற்றித் தேய்க்கப் போனான்.
"விடு" என்றாள்.
"கொஞ்சம் துடிக்கட்டும்."
உப்புக் குவியலுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவர்
கட்டுவதை நிறுத்தி எங்களைப் பார்த்தார்.
துடித்து அடங்கும்வரை
அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்,
வேலை இல்லாதவர்கள் மாதிரி.

அப்புறம் இரண்டு பஞ்சர்.
கடப்பாக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சு,
கோவளம் தாண்டியதும் தணிகைவேலின் வாந்தி.
"அந்த வீடியோவை அழிக்கல" என்றான் வாயைத் துடைத்துக்கொண்டு.
யாரும் பதில் சொல்லவில்லை.
எனக்கும் அனுப்பு என்று
நீலாங்கரை வந்தபிறகு கேட்டேன்.

இரவு ஒன்பது இருபது, மறுபடி திருவான்மியூர்.
வரவேற்க ஆள் வைக்கவில்லை.
சிக்னல்கூட இல்லை.
ஏரியா முழுக்க கரண்ட் கட்.
கடைக்காரர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
எங்களுக்குச் சோடா உடைத்தார்.
ஒரு மடக்கு குடித்திருப்போம்,
நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் அது தோன்றியது.

பெனிட்டாதான் போன் போட்டாள்.
தரமணி, இரவுக் காவலாளி.
"அண்ணே, அங்க ஜெனரேட்டர் ஓடுதா?"
"ஓடுதும்மா. கேக்கலையா சத்தம்?"
போனை ஸ்பீக்கரில் போட்டாள்.
கரகரவென்று, டீசல் இருமலோடு,
ஓடிக்கொண்டிருந்தது.
சோடா நுரை அடங்கும்வரை கேட்டோம்.

"ஆமா, யாரும்மா பேசறது?"
பெனிட்டா எங்களைப் பார்த்தாள்.
"சைக்கிள்காரங்க" என்றாள்.