சுருக்கொப்பம்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளிலிருந்து
ஏற்காட்டு எஸ்டேட்டுகளின் துப்பாக்கிகள்
ஸ்டேஷனுக்கு வர ஆரம்பிக்கும்.
மிளகு காயவைத்த சாக்கில் சுற்றி,
படுக்கை விரிப்பில் சுற்றி,
ஒருவர் கல்யாணப் பட்டுவேட்டியில் சுற்றி.
உரிமம் பார்த்து, எண் பார்த்து, ரசீது கொடுத்து
அறையில் பூட்டுவது
ஸ்டேஷன் ரைட்டரான என் வேலை.

பெரும்பாலும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல்.
பன்றியை விரட்ட வாங்கியவை.
பன்றி ஒன்றும் பயந்ததாகத் தெரியவில்லை.

பதினான்காவதாக அது வந்தது.
தியோடர் அருமைநாயகம், செம்மடுவு,
காப்பி பதினெட்டு ஏக்கர்.
வால்நட் கட்டை, த்ரீ நாட் சிக்ஸ்.
"தோட்டா இல்லைன்னு திறந்து காட்டுங்க."
வலது கையைக் குழலுக்கு மேலே குறுக்கே நீட்டி
ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டுத்
தாழ்ப்பாள் தேடுகிறவர்போல் தடவினார்.
"என் பெண்டாட்டியோடது மேடம்.
வயலட் நொட்டாங்கை."

அஸ்தம்பட்டி துப்பாக்கிக் கடைக்காரர்
ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:
கம்பெனி இதை நிறுத்தி இருபது வருஷம்,
அச்சையே அழிச்சுட்டான்.
பத்தில் ஒருத்தன் நொட்டாங்கை,
அதில் லைசென்ஸ் இருக்கிறவன் எத்தனை,
அதிலும் காசு இருக்கிறவன் எத்தனை.
அந்த ஒருத்தன் என் கடைப்படி ஏறினால்
நான் சொல்வதுதான் விலை.
ஏறாவிட்டால் இது
சுவரில் ஆணிக்குப் பாரம்.

"வித்திருக்கலாமே சார்?"
"வாங்க வந்தவன் எல்லாம் தூக்கிப் பார்த்துட்டு
கண்ணாடியில பார்த்த துப்பாக்கி மாதிரின்னு சிரிச்சான்.
சிரிச்சவனுக்கு எதுக்குக் கொடுக்கணும்?"

ரசீதில் வலது கையால் ஒப்பமிட்டேன்.
சோறும் எனக்கு அந்தக் கையில்தான்.
மூன்றாம் வகுப்பில் இடது மணிக்கட்டை
பெஞ்சுக் காலோடு கட்டினார்கள்,
என் சொந்த ரிப்பனால். பச்சை ரிப்பன்.
பயிற்சிப் பள்ளியில் த்ரீ நாட் த்ரீயை
வலது தோளில் வைத்து இடது கண்ணை மூடச் சொன்னார்கள்.
எனக்குக் குறி பார்க்கிற கண் அதுதான்.
பத்துக்கு இரண்டு பட்டது.
இரண்டும் பக்கத்துப் பெண்ணின் பலகையில்.

வாக்குப்பதிவுக்கு முந்தின வாரம் ஓர் இரவு.
மழை. கரண்ட் இல்லை.
வாசலில் காட்டுமாடு ஒன்று
கேஸில் பிடித்த பைக்குகளுக்கு நடுவே நின்று
புல் மேய்ந்துகொண்டிருந்தது.
துருப் பிடித்தால் என் தலைதான் உருளும் என்று
எண்ணெய்த் துணியோடு அறைக்குள் போனேன்.
பதின்மூன்றைத் துடைத்தேன், வெறும் துடைப்பு.
பதினான்கில்
கேட்காமலே இடது கை போய்விட்டது.

தூக்கு. இழு. தள்ளு. அழுத்து.
கன்னம் வைக்கிற மேடு
சரியாக இந்தக் கன்னத்துக்கு.
எங்கோ ஒரு தொழிற்சாலையில்
என்னைப் பார்க்காத யாரோ
என் அளவு எடுத்திருக்கிறான்,
அப்புறம் கட்டுப்படியாகாது என்று
கடையைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறான்.

எதையும் சுட எனக்கு ஆசையில்லை.
ஐந்து முறை திறந்தேன், ஐந்து முறை மூடினேன்.
ஆறாவதாகவும் ஒருமுறை.
அதற்குள் மாடு போயிருந்தது.

எண்ணிக்கை முடிந்து எட்டாம் நாள்
அருமைநாயகம் வந்தார்.
கம்பிக்குள் கைவிட்டு இழுத்துப் பார்த்தார்.
"வழவழன்னு இருக்கே?"
"எண்ணெய் போட்டோம்" என்றேன், பன்மையில்.

திருப்பிக் கொடுத்ததைப் பதியப் பக்கம் திறந்தால்
போன தேர்தலில் இருந்த ரைட்டர்
குறைபாடு என்ற கட்டத்தில்
அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்:
போல்ட் தவறான பக்கத்தில் உள்ளது.

தவறான என்பதை அடித்து
இடது என்று எழுதினேன்.
திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும்.
பேனாவை மாற்றிப் பிடித்துப் போட்டேன்.
கோழி கிளறியதுபோல் இருந்தது,
என் ஒப்பத்தோடு பொருந்தவே இல்லை.

இன்ஸ்பெக்டர் இன்னும்
அந்தப் பக்கத்துக்கு வரவில்லை.