எல் ஆல்ட்டோ, இரவு மருந்துக்கடை

முழு அட்டையாய் யாரும் கேட்பதில்லை.
"நாலு கொடு" என்பார்கள்,
முட்டை வாங்குவதுபோல.
கத்தரியால் நறுக்குவேன்.
காலாவதித் தேதி ஒரு துண்டில் போகும்,
பெயரின் பாதி இன்னொன்றில்.

எதிர்ச்சாரியில் யுலாலியாவின் தள்ளுவண்டி.
இளஞ்சிவப்பு சாசேஜ், வறுத்த உருளைக்கிழங்கு,
மேலே வழிய வழிய மயோனைஸ்.
வேலை முடிந்ததும் நானும் அங்கேதான் சாப்பிடுவேன்.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
தண்ணீர் அவசரக்காரி:
சூடு ஏறுமுன்னே கொதித்துக் காட்டிவிடும்.

செவ்வாயன்று மினிபஸ் நடத்துனன் வந்தான்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நாலு.
பிறகு தையல்காரிகள் இரண்டு பேர். நாலு, நாலு.
வியாழன் ஒரு தகப்பன்:
"போன வருசம் பல்வலிக்கு வாங்கியதில்
மூன்று மிச்சம் கிடந்தது.
பிள்ளைக்குக் கொடுத்தேன், கேட்கவில்லை.
வேறு நிறத்தில் இருக்கிறதா?"
இருந்தது.
கொடுத்தேன்.

டாக்டர் சீட்டு எங்கே என்று
முதல் வாரம் கேட்டுப் பார்த்தவள்தான் நான்.
பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள்.
முதலாளி கல்லாவைத் திறந்து காட்டினார்,
ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று யுலாலியாவே வந்தாள்,
ஏப்ரனில் எண்ணெய்க் கறையோடு.
மகன் வில்மருக்கு ஐந்து நாளாய்ப் போக்கு,
இப்போது ரத்தமும்.
நான் விற்ற இரண்டு நிறமும் கொடுத்தாயிற்றாம்.

கத்தரியைக் கீழே வைத்தேன்.
"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு."

கடன் மறுத்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
சில்லறையை ஒவ்வொன்றாய்
கண்ணாடிமேல் அடுக்கினாள்.
"நாலு போதும்" என்றாள்.

வெளியே, ஆளில்லாத வண்டியில்
கொதித்துக்கொண்டே இருந்தது பானை.