மணிமுத்தாறு சோதனைச்சாவடி, நான்காம் கட்டம்

படிவத்தில் நான்காம் கட்டம்:
எடுத்துச் செல்லும் உயிர்களின் எண்ணிக்கை.
பேனாவைச் சணல் நூலில் கட்டி
ஜன்னல் கம்பியோடு முடிந்திருக்கிறார்கள்.
ஐந்தாம் கட்டத்துக்கு அது எட்டாது.
நான் நாலிலேயே நிற்கிறேன்.

உள்ளே வனக்காப்பாளர் எபநேசர்,
கையில் முத்திரைக்கட்டை.
வெளியே மாஞ்சோலையிலிருந்து இறங்கிய பஸ்
உறுமிக்கொண்டு எனக்காக நிற்கிறது.

பையில் முப்பத்தெட்டு காகித உறைகள்.
ஒவ்வொன்றிலும் நகத்தளவு கல்பாசி.
நாலுமுக்குக்கு மேலே நனைந்த பாறையில் சுரண்டியது,
ஆள் போய்விட்ட லயன் வீட்டு ஓட்டில்
(ஏணி கேட்க யாருமில்லை,
தண்ணீர்த்தொட்டி மேல் ஏறி) எடுத்தது,
குதிரைவெட்டி வழியில் ஒரு மைல்கல்லில்
எண்ணைத் தின்று முடித்து
அம்புக்குறிக்கு வந்திருந்தது ஒன்று.

"முப்பத்தெட்டுன்னு போடுங்க மேடம். சோலி முடிஞ்சுது."

முப்பத்தெட்டு உறை, சரி.
ஆனால் கல்பாசி ஓர் உயிர் இல்லையே.
கூரை போடுவது ஒரு பூஞ்சை,
உள்ளே உட்கார்ந்து வெயிலைச் சமைப்பது ஒரு பச்சைப்பாசி.
அப்படியானால் எழுபத்தாறா?

போன ஐப்பசியில் பாளையங்கோட்டை ஆய்வகத்தில்
ஒரே ஒரு வட்டத்தை,
அஞ்சு ரூபாய் நாணயத்துக்கு மேல் இராது,
பன்னிரண்டு துண்டாக்கி மரபணு பார்த்தேன்.
ஐந்து பூஞ்சைகள்.
ஐந்தும் ஒரே இனம், ஒன்றுக்கொன்று அந்நியம்,
தையல் தெரியாமல் ஒட்டி வட்டமாகியிருந்தன.
காய்ந்த சித்திரையில் இரண்டு கருகும், மூன்று தாங்கும்.
மேலே நின்று பார்ப்பவருக்கு
ஒன்றும் நடக்கவில்லை.

இயந்திரக் கோளாறென்று மூன்று தரம் ஓட்டினேன்.
நாலாவது தரம், என்னிடம் சொல்லாமல்,
சபூரா ஓட்டியிருக்கிறாள்.
மறுநாள் காலை பலகையில்
5 என்று மட்டும் எழுதியிருந்தது,
கோபமாக.

அந்தப் பாறைக்குக் கீழே தேயிலைச் சரிவு.
ஒரு தாய்ச்செடியின் தண்டை வெட்டி வெட்டி நட்டது.
கண்ணுக்கு முப்பதாயிரம் தூர்.
மரபணுவுக்கு ஒரே செடி,
மலைமேல் கவிழ்ந்து படுத்திருக்கிறது.
ஒரு நோய் ஒரு சாவியோடு வந்தால்
முப்பதாயிரம் கதவும் திறக்கும்.
அதை இந்தக் கட்டத்தில் நிரப்பச் சொன்னால்
ஒன்று என்று எழுதிவிட்டுப் பஸ் ஏறியிருப்பேன்.

எபநேசர் ஓர் உறையை முகர்கிறார்.
"இது பிரியாணிக்குப் போடுததுல்லா?"
அதற்குச் சித்தப்பா மகன் முறை என்கிறேன்.
மேலப்பாளையத்து மசாலாக் கடை ஒன்றில்
ஐம்பது கிராம் வாங்கிப் பார்த்ததையும் சொல்கிறேன்:
பொட்டலத்துக்குள் நாலு இனம்,
ஒன்று எங்கோ வடக்கே பனிமலைக்காரன்,
ஒரு துணுக்கு எந்தப் பட்டியலிலும் சேரவில்லை.
"அப்பம் நாங்க தின்னது?"
"தெரியல சார்."
அவர் உறையை மெதுவாக மூடி வைக்கிறார்.

நடத்துநர் கொம்பையா இறங்கி வந்துவிட்டார்.
விஷயம் இன்னதென்று கேட்டுவிட்டுச் சொல்கிறார்:
"வயித்துப்பிள்ளக்காரி ஏறுனா
நாங்க ஒரு டிக்கெட்டுதான் கிழிக்கோம்.
ரெட்டப் பிள்ளன்னாலும் ஒண்ணுதான்.
எழுதுங்கம்மா, சனம் வேகுது உள்ள."

எழுதுகிறேன், 38.
பக்கத்தில் ஒரு நட்சத்திரக்குறி.
அடிக்குறிப்புக்கு இடம் தேடினால்
அது ஐந்தாம் கட்டத்துக்கும் கீழே,
நூல் எட்டாத இடத்தில்.

எபநேசர் முத்திரையை ஓங்கிக் குத்துகிறார்.
வயலெட் மை வழிந்து
மூன்று எட்டாகிவிட்டது.
எண்பத்தெட்டு.
மூவரும் குனிந்து அதைப் பார்க்கிறோம்.
"வேற படிவம் தரட்டா?"

வேண்டாம் என்கிறேன்.
உண்மைக்கு இது கொஞ்சம் கிட்ட.