இடது பெருவிரல்

தாயத்தைக் கழற்றச் சொன்னேன்.
வலது கை முடிச்சை அவிழ்க்க
இடது கை அதைத் திரும்ப இறுக்கியது.
"நாலு மாசமா இப்படித்தான்" என்ற சபுரா
கணவரின் கையைத் தட்டிவிட்டு
கத்தரியால் கயிற்றை வெட்டினார்.

சீனி கட்டுவா, வயது நாற்பத்தாறு, சங்கு குளிப்பவர்.
பெரியபட்டினத்துக்குத் தெற்கே, எட்டுப் பாகத்தில்
காற்றுக்குழாய் மடங்கி
ஒரே உந்தலில் மேலே வந்தவர்.
ரத்தத்தில் குமிழி.
பிழைத்தார். பேச்சு இருக்கிறது, நடை இருக்கிறது,
இடது கை மட்டும்
வேறு யார் வீட்டிலோ வளர்கிற பிள்ளை மாதிரி.

கீழக்கரையில் இந்த ஸ்கேன் அறைக்குள்
முக்கால்வாசிப் பேர்
ஐந்தாம் நிமிடத்தில் மணியை அமுக்கிவிடுவார்கள்.
அவர் அமுக்கவில்லை.
இயந்திரம் அடித்த அடிக்கு
"நம்ம வள்ளத்துக் கம்ப்ரஸர் இதவிடச் சத்தம்" என்று
உள்ளிருந்து ஒரு குரல்.
பேசாதீங்க, படம் கலங்கும் என்றேன்.

இரவு ஒன்பதே கால்.
வெளியறைத் திரையில் மூளை நிறம்பிடித்து எழுந்தது.
முன்னும் பின்னும் ஓடும் இழைகள் பச்சை,
மேலும் கீழும் நீலம்,
இந்தப் பாதியிலிருந்து அந்தப் பாதிக்குக் கடப்பவை சிவப்பு.
நடுவில்
ஒரு நகக்கீறல் அளவுக்குச் சிவப்பு இல்லை.

பாம்பன் பாலத்தைச் சொல்லலாமா என்று நினைத்தேன்.
இந்தக் கரையில் எதற்கெடுத்தாலும்
எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.
சொல்லவில்லை.

"செய்தி போறது இதுல தெரியுதா?" சபுரா கேட்டார்.
இல்லை. செய்தியை இந்தப் படம் பார்ப்பதில்லை.
நரம்பிலுள்ள தண்ணீர்
எந்தப் பக்கம் எளிதாக நகர்கிறது,
அவ்வளவுதான் இதற்குத் தெரியும்.
அதை வைத்து, இங்கே ஒரு பாதை இருக்கவேண்டும்
என்று நாங்கள் கோடு போடுகிறோம்.

கட்டுவா சிரித்தார்.
"நீவாடு பார்த்துப் பாறை சொல்றது.
பாதி நாள் தப்பாப் போகுமே?"
எங்களுக்கும் போகும் என்றேன்.

என் வேலை அங்கே முடிந்தது.
ஆனாலும் கண்ணை மூடச் சொல்லி
அவர் இடது கையில் சாவியை வைத்தேன்.
"தெரியல."
சீப்பு.
"பேனாவா?"
வலது கைக்கு மாற்றியதும், "அட, சீப்பு."

டாக்டருக்கென்று கொண்டுவந்த சங்கு ஒன்று
சபுராவின் பையில் இருந்தது.
அதை வைத்தேன்.
"எலுமிச்சம்பழம்" என்றது வாய்,
கொஞ்சமும் சந்தேகமில்லாமல்.
அது சொல்லிக்கொண்டிருக்கும்போதே
பெருவிரல் சுழியைத் தடவி இறங்கி
சங்கின் வாயைக் கண்டுபிடித்து
உள்விளிம்பில் ஒருமுறை போய் வந்தது,
வலம்புரியா என்று.
இடம்புரி.
விரல் ஓய்ந்தது.

"எலுமிச்சம்பழமா?" என்றார் சபுரா, மெதுவாக.
"பின்ன?"
நாங்கள் இருவரும் பார்த்துவிட்டோம்.
அவர் கண்ணை மூடியிருந்தார்.

படங்களை மதுரைக்கு அனுப்பினேன்.
காலையில் ஒருவர் அங்கே அளந்து
நாலு மில்லிமீட்டர் என்று எழுதுவார்.
பெருவிரலைப் பற்றி எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

போகும்போது வலது கை கதவைத் திறந்தது.
சபுரா கேட்டும், அவரே சொல்லியும்
இடது கை சங்கை விடவில்லை.