கொடிமரம் இருந்த இடம்

தஸ்நேவிஸ் மச்சாது என்று
பெயரைச் சொன்னதும் ஃபோர்மேன் ஸத்ஜாலி சிரித்துவிட்டான்.
"கோட்டைக்காரன் வந்துட்டான்டா!
ஆயிரத்து அறுநூற்று ஐம்பதில் விரட்டினோம்,
திரும்பி வர இவ்வளவு நாளா?"

நான் வந்தது சுண்ணாம்பு பூச.
பழைய மஸ்கட், மேற்குக் கோட்டை, கடல்பக்கச் சுவர்.
இடுப்பில் கயிறு, கயிற்றில் வாளி,
வாளிக்குக் கீழே நண்டுகளும் அலையும்.
தஸ்நேவிஸ் என்றால் பனி என்று அர்த்தம்.
நாற்பத்தேழு டிகிரியில்
பனி ஒன்று அந்தரத்தில் தொங்குவதை
நீங்களே நினைத்துப் பாருங்கள்.

எதிர்ப் பாறையில் வெள்ளை எழுத்துகள்.
துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் பெயர்கள்.
சில மங்கிவிட்டன, சில
நேற்று எழுதியதுபோல் முறைக்கின்றன.
செங்குத்தில் தொங்கிக்கொண்டு யாரோ ஒரு பயல்தான்
அதையும் எழுதியிருக்க வேண்டும்.
தன் பெயரை அவன் எழுதவில்லை.
என் முதுகிலும் கம்பெனி பெயர்தான்.

நடுப்பகல் நிழலுக்குச் சட்டம் உண்டு.
அந்த நேரத்தில் ஸத்ஜாலி ஊரை அவிழ்த்துக் கொட்டுவான்.
அவன் அப்பா காலத்தில்
இரவு முரசு ஓய்ந்ததும் நகரக் கதவை மூடிவிடுவார்களாம்.
பிறகு தெருவில் நடப்பவன் கையில் விளக்கு இருக்க வேண்டும்.
எண்ணெய் விளக்கு. டார்ச் செல்லாது.
"ஏன்?"
"டார்ச் மற்றவன் முகத்தைத்தான் காட்டும்.
உன் முகம் தெரியணும்ல."

இன்னொரு நாள் விரல் நீட்டினான்.
அங்கேதான் இங்கிலீஷ்காரன் தூதரகம், இடித்தாயிற்று.
முற்றத்தில் கொடிமரம் ஒன்று இருந்தது.
தப்பி ஓடிவந்த அடிமை
அதைக் கட்டிப் பிடித்துவிட்டால் போதும்,
முத்திரை வைத்த காகிதம் கொடுத்து
விடுதலை என்பார்கள்.
"எல்லாருக்குமா?"
"ஓடி வந்து சேர்ந்தவனுக்கு."

எங்கள் ஊர் உப்புக்கு வரி போட்ட அதே கொடிதான்.
இருந்தாலும்
அன்று சோறு இறங்கவில்லை.
மணலில் வெறுங்கால், பின்னால் ஆட்கள்,
இரண்டு கையும் மரத்தைச் சுற்றி
விரல்கள் ஒன்றையொன்று தொடும் அந்த நொடி.
மரம் எவ்வளவு பருமன் என்று கேட்டேன்.
அவனுக்குத் தெரியவில்லை.

என் பாஸ்போர்ட் ரூவியில், முதலாளியின் அலமாரியில்.
அலமாரிச் சாவி அவர் மேசைக்குள்.
சம்பள பாக்கி கேட்கப் போகிற நாளெல்லாம்
ஜன்னலுக்கு வெளியே நின்று
அந்த அலமாரியைப் பார்த்துவிட்டு வருவேன்.
அலமாரி, சாவி, மேசை, ஜன்னல்,
நாலும் பறங்கிச் சொல்லாம், எங்கேயோ படித்தேன்.
கோட்டையை இங்கே கட்டினார்கள்.
பூட்டுகிற சாமான்களின் பெயரை எங்கள் வாயில் வைத்தார்கள்.
மிச்சமிருந்த ஒன்றை
என் பெயருக்குப் பின்னால் ஒட்டிவிட்டார்கள்.

ஆறாவது மாதச் சம்பளமும் வராத வியாழன் இரவு
கேம்ப் பஸ்ஸில் ஏறாமல் நடந்தேன்.
ஸத்ஜாலி காட்டிய இடத்தில்
வழவழப்பான தரை, வரிசையாய்ப் பூச்செடி,
தண்ணீர் தெளிக்கும் குழாய்.
நடப்பட்டிருந்தது விளக்குக் கம்பம் ஒன்றுதான்.
யாரும் இல்லை.
கூச்சமாக இருந்தது.
பிறகு கட்டிப் பிடித்தேன்.
விரல்கள் தொட்டுக்கொண்டன,
இன்னும் கொஞ்சம் மிச்சம்கூட இருந்தது.

போலீஸ்காரர் வந்து முகத்தில் டார்ச் அடித்தார்.
சின்னப் பையன், மீசை இன்னும் அடரவில்லை.
கார்டை வாங்கி எழுத்துக் கூட்டினார்:
"மச்… சா… தோ?
இந்தியனா?"
தலையாட்டினேன்.
"உடம்பு சரியில்லையா?"
அதற்கும் தலையாட்டினேன்.
வண்டிக்குப் போய்த்
தண்ணீர் பாட்டில் ஒன்று எடுத்து வந்து நீட்டி
கம்பத்தை விடு என்றார்,
மரியாதையாகத்தான்.

விட்டேன்.
இரவு பத்தாகியும்
இரும்பு சுட்டுக்கொண்டிருந்தது.