எந்த முப்பத்தெட்டு

இரவு ஒன்பதே முக்காலுக்குப் பக்கிரிசாமி அழைக்கிறார்.
நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருக்கிறது,
பின்னால் சரக்கு வண்டி பெட்டி பெட்டியாய்ப் போகும் சத்தம்.
"முப்பத்தெட்டுக்கு எவ்வளவு மருந்து போடணும்?
கேட் தொறக்கறதுக்குள்ள சொல்லுங்க."

மன்னார்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன்.
மருந்து என்ற சொல்லுக்கு எனக்கு இரண்டு அலமாரிகள்.
காய்ச்சல் மாத்திரை என்று கேட்டு வருகிறவரிடம்
ஐந்நூறா அறுநூற்றைம்பதா, பெரியவருக்கா பிள்ளைக்கா,
பிள்ளை எத்தனை கிலோ
என்று கேட்காமல் என் கை நீளாது.
இன்னொரு அலமாரி
வல்லத்துச் செம்மண் மேட்டில், சங்கத்துக் கொட்டகையில்.
ஞாயிறுகளில் மட்டும் திறக்கும்,
சுவரில் உரிமம், மேசையில் தராசு,
மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் நிறுப்போம்.

எந்த முப்பத்தெட்டு, என்கிறேன்.

"முப்பத்தெட்டுன்னா முப்பத்தெட்டுதாங்க."

இல்லை ஐயா. அது பெயர், அளவு இல்லை.
வழி மாறிய பிறகும் பேருந்துப் பலகையில்
தங்கிவிட்ட ஊர்ப்பெயர் மாதிரி.
அளவுகோலை வைத்துப் பாருங்கள்,
ஒன்றின் குண்டு முப்பத்தாறைத் தொடாது,
இன்னொன்றின் குண்டு அதை ஒரு மயிரிழை தாண்டும்.
குட்டை உறைக்கும் அதே பெயர், நெட்டைக்கும் அதே பெயர்.
உங்களுடையதன் அடித்தட்டில் என்ன அச்சடித்திருக்கிறது?

"எழுத்து பொடியா இருக்கு."

கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.
குண்டு வெறும் ஈயமா, செம்புச் சட்டை போட்டதா?
எத்தனை கிரெயின்?

"கிரெயினா?"

உங்கள் களத்து நெல்லில் இரண்டரை மணி, ஒரு கிரெயின்.
மருந்து எது?

"கறுப்பா, துகள் துகளா..."

கறுப்பு ஒரு பெயரா?
நெல் போட்டிருக்கிறேன் என்று
நீங்கள் ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை.
ஆடுதுறை நாற்பத்து மூன்று என்பீர்கள்.
அதைக் கேட்ட இடத்தில் ஆயிரத்தொன்பதைக் கட்டிக் கொடுத்து,
குறுவை அறுக்கிற நாளில்
கதிரே எட்டிப் பார்க்காமல் பச்சையாய் நின்ற வயல்.
விதைக்கடை வாசலில் அன்று நீங்கள் போட்ட சத்தம்
என் கடைவரை கேட்டது.
அது ஒரு போகம்.
இது உங்கள் வலது கை. அதற்கு மேல், முகம்.

சரக்கு வண்டி போய்விட்டது போலிருக்கிறது.
ஆரன்கள்.
"ஒரு கேள்வி கேட்டா ஒம்பது கேள்வியா" என்று வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் நினைவு வந்தது அந்த நீலப் பெட்டி.

கொட்டகை இழுப்பறையில், போன ஐப்பசியிலிருந்து.
ஐம்பது தோட்டா. மூடியில் என் கையெழுத்து:
'38. சரி.'

எது சரி?
வெளியே மழை, மின்சாரம் போய் வந்துகொண்டிருந்தது,
யாரோ சுடச்சுட வடை வாங்கி வந்திருந்தார்கள்.
வடை நினைவிருக்கிறது.
எந்த டப்பாவைத் திறந்தேன் என்பது இல்லை.

ஞாயிறன்று தனியாக உட்கார்ந்து
ஒவ்வொன்றாய்க் கழற்றுகிறேன்.
சுத்தி மாதிரி ஒரு கருவி, கட்டையில் தட்டத் தட்டக்
குண்டு கழன்று விழும்,
மருந்து பின்னாலேயே ரவைபோல் உதிரும்.
பதினேழாவது வரை நிறை ஒன்றுபோல் இருந்தது.
பதினெட்டாவதில் தராசு வேறு எண் காட்டியது.
மறுபடி வைத்தேன். அதே வேறு எண்.
பிறகு எல்லாவற்றையும் எழுதினேன், எழுதி என்ன,
எதனோடு ஒப்பிட?
கொட்டி அழிக்கவேண்டிய தட்டு ஒன்று நிறைந்துகொண்டே வந்தது.

முப்பத்தோராவதில் கைப்பேசி அதிர்ந்தது.
பக்கிரிசாமி. வார்த்தை ஒன்றும் இல்லை, ஒரு படம்.
உள்ளங்கையில் தோட்டாவின் அடித்தட்டு,
பாதியை மறைத்துக்கொண்டு கட்டைவிரல்,
நகத்தில் வயல் சேறு.

விரலை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் இன்னொரு தடவை எடுங்கள்,
என்று எழுதி அனுப்பிவிட்டு
முப்பத்திரண்டாவதை எடுத்தேன்.