மூன்றாம் பிரதிவாதி

திருத்துறைப்பூண்டி முன்சீப் கோர்ட்டில்
தையல்நாயகி, தையல்நாயகி, தையல்நாயகி
என்று டவாலி கூப்பிடுகிறார்.
மூன்றாவதில்தான் அது நான் என்று உறைக்கிறது.
ஊரில் என்னை முழுப்பெயரால் கூப்பிட ஆளில்லை.

காகிதத்தில் நான் மூன்றாம் பிரதிவாதி.
முதலாவது அப்பா.
இறந்துவிட்டார் என்று சிவப்பு மையில்
ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள்.
இரண்டாவது கூட்டுறவு வங்கி.
வாதி, என் அண்ணன் சிங்காரவடிவேல்,
எதிர்த் தூணில் சாய்ந்து முறுக்குத் தின்கிறான்.

"அனுபவம் எத்தனை வருஷம்?"
கேட்டார் வக்கீல் ஹபீபுல்லா.
சொல்ல ஆரம்பித்தேன்.
முல்லியாறு உடைத்த ராத்திரி விதைக்கோட்டையைத்
தலையில் வைத்துக்கொண்டு நின்றது,
புகையான் விழுந்த வருஷம்,
களை பறிக்கையில் பிரசவ வலி கண்டது.
அவர் பேனாவை மூடினார்.
"அதில்லம்மா. நிலம் உங்க கையில எத்தனை வருஷம்?
கிஸ்து ரசீது இருக்கா?"
பதினோரு வருஷம். ரசீது ஆறு.
மீதி ஐந்துக்கு எனக்கு அனுபவம் இல்லையாம்.

வில்லங்கம் இல்லை என்று எழுதிக்கொடுக்க
ஒரு ஆபீஸே இருக்கிறது, கட்டணம் கட்டினால் போதும்.
என் மாமியாருக்கு ஒன்று கிடைக்குமா என்றேன்.
குமாஸ்தா பக்கிரிசாமிக்கு டீ புரையேறிவிட்டது.

தள்ளுபடி எனக்குத் தெரிந்த வார்த்தைதான்.
ஆடியில் புடவைக்கு வரும்.
தண்ணீர் வராத வருஷம் பயிர்க்கடனுக்கு வந்தது,
வங்கி வாசலில் சரவெடி போட்டோம்.
போன தடவை "மனு தள்ளுபடி" என்றபோதும்
சிரித்த முகமாய்த்தான் நின்றேன்,
வக்கீல் முகத்தைப் பார்க்கும் வரை.

தெற்கே வடிவாய்க்கால் என்கிறது
பத்திரத்தின் நான்கெல்லை.
அங்கே இப்போது காட்டாமணக்கு.
பத்திரத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது தண்ணீர்.

இன்றைய உத்தரவு:
மறு வாய்தா வரை
தற்போதைய நிலையே நீடிக்க வேண்டும்.
யாரும் எதையும் தொடக்கூடாது, அவ்வளவுதான், என்றார் வக்கீல்.
நாற்றங்காலுக்கு இன்றோடு இருபத்திரண்டு நாள்.
அதற்கு யார் போய் நோட்டீஸ் சார்வு செய்வது?

ஊருக்கு ஒரே பஸ்.
அவன் முன் சீட்.
ஆலத்தம்பாடி வரை பேச்சில்லை.
பிறகு திரும்பாமலே கேட்டான்,
"வாய்தா என்னிக்குன்னாங்க? எனக்குக் காதுல விழல."
"அடுத்த மாசம் பதினேழு."
விரல் மடக்கி எண்ணினான்.
இன்னொரு தடவை எண்ணினான்.
"நாத்து முத்திடுமே."